மாற்றிச் சொல்கிறவனை நம்பலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

போன வாரம் பெய்த மழையில், உத்தமபாளையத்தில் என் தம்பி வீட்டுக் கொல்லையில் கிடந்த புளியங்கட்டை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை விசிறிகள் முளைத்திருந்தன. தம்பி மகன் போட்டோ எடுத்து அனுப்பி, "பெரியப்பா, இது என்ன காளான்? சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்கைசோபில்லம் கம்யூன். அந்தப் படத்தை இங்கே போட்டு, "இது அகாரிகேல்ஸ் துறையைச் சேர்ந்த காளான். நம் வீட்டு விறகுக் கட்டையில் எல்லாம் இருக்கும். யாராவது கவனித்திருக்கிறீர்களா?" என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த பின்னூட்டங்களில் இரண்டுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலாவது, 1988இல் என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவர் போட்டது. சுருளி அருவிக்கு நான் கூட்டிப்போன களப்பயணத்தில் அவர் எழுதிய ரெக்கார்டு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதே விசிறி, பென்சில் படமாக. கீழே, "செவுள் போலத் தெரிந்தாலும் இவை உண்மையான செவுள்கள் அல்ல. ஆகவே இது அபில்லோபோரேல்ஸ் துறை" என்ற வரி. அதற்கும் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. "சார், அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மை. நோட்டை இத்தனை வருசம் பத்திரமாக வைத்திருக்கிறானே என்று எனக்குச் சந்தோஷம்தான். கேள்வியும் நல்ல கேள்வி.

இரண்டாவது, எனக்கு மாப்பிள்ளை முறை ஆகும் ஒருவர் எழுதியது. "விடுங்க மாமா, சயின்ஸ்னாலே இப்படித்தான். இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு மாத்திச் சொல்லும். நம்ம பெரியவங்க சொன்னது மட்டும் மாறவே மாறாது. மரத்துல முளைச்சா விஷமில்ல. பூண்டு போட்டு வேகவைக்கணும், பூண்டு கறுக்கலன்னா தாராளமாத் தின்னலாம்." நான் எழுதியதைவிட இதற்குத்தான் விருப்பக்குறி அதிகம். போட்டவர்களில் என் மாணவர்கள் பலர்; அதில் மூன்று பேர் ஆசிரியர்கள்.

முதல் பின்னூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவதைப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் காளான்.

கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டில் விறகு அடுக்கியிருந்தாலும் இது இருக்கும். மா, புளி, முருங்கை, தென்னை மட்டை, காய்ந்த மூங்கில் என்று எதையும் விடாது. காம்பு கிடையாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம், மிஞ்சிப்போனால் நான்கு. மேலே ஆட்டுக்குட்டி ரோமம் மாதிரி சாம்பல் வெள்ளைச் சுணை. திருப்பிப் பார்த்தால் காம்புப் பக்கத்திலிருந்து விசிறி மாதிரி மடிப்புகள் பிரியும். குடைக்கு அடியில் இருக்கும் அந்த மடிப்புகளைத்தான் செவுள் என்கிறோம். லென்சு வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஸ்கைசோபில்லம் என்ற கிரேக்கப் பெயருக்குப் பொருளே பிளந்த இதழ்தான். நம் வசதிக்குப் பிளவிதழ் என்று வைத்துக்கொள்வோம்.

வெயிலில் காயும்போது, பிளந்த இரு பாதியும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பை உள்ளே மூடிக்கொள்ளும். மழை பட்டால் மறுபடி விரிந்து ஸ்போர் உதிர்க்கும். காய்ந்த ஒன்றை ஈரத்துணியில் சுற்றி வைத்து, சில மணி நேரம் கழித்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள். கனடாவில் வேலை பார்த்த புல்லர் என்ற பூஞ்சையியலாளர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உலர்த்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தார். 50 வருசத்துக்கும் மேல் கழித்து ஈரம் காட்டியபோது அது விரிந்து ஸ்போர் உதிர்த்தது. புல்லர் அப்போது உயிரோடு இல்லை.

இனி என் மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் இதை அகாரிகஸ் என்ற பெரிய மூட்டைக்குள் போட்டார். அடியில் மடிப்பு இருந்தால் அகாரிகஸ், அவ்வளவுதான் அன்றைய கணக்கு. 1815இல் ஸ்வீடன் நாட்டு எலியாஸ் ஃபிரைஸ், "பிளந்த செவுள் வேறெதிலும் இல்லையே" என்று கவனித்து, ஸ்கைசோபில்லம் என்று தனிப் பேரினம் ஆக்கினார். பின்னால் வந்தவர்கள் நுண்ணோக்கியில் இன்னும் கிட்டத்தில் பார்த்தார்கள். சின்னக் கிண்ணங்களைப் பக்கம் பக்கமாக நெருக்கி வைத்தால் இரண்டு கிண்ணத்தின் விளிம்பும் சேரும் இடம் பிளந்த சுவர் மாதிரி தெரியுமல்லவா? இதன் "செவுள்" அப்படிப்பட்ட விளிம்புச் சேர்க்கை என்று கண்டார்கள். அப்படியானால் இது பட்டன் காளானின் செவுள் அல்ல. ஆகவே குடைக்காளான் கூட்டத்திலிருந்து எடுத்து, மரத்தட்டுப் பூஞ்சைகள் இருக்கும் அபில்லோபோரேல்ஸில் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கே "செவுள் இல்லாதவை" என்றுதான் பொருள். நான் படித்ததும் அதுதான், சுருளியில் சொன்னதும் அதுதான்.

அப்புறம் டி.என்.ஏ.வைப் படிக்கும் காலம் வந்தது. உருவத்தைப் பார்க்காமல் வம்சத்தைப் பார்க்க முடிந்தது. பார்த்தால், அபில்லோபோரேல்ஸ் என்று ஒரு குடும்பமே கிடையாது! எங்கெங்கோ பிறந்தவை, செவுள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கூரையின் கீழ் உட்கார வைக்கப்பட்டிருந்தன. பிளவிதழ் போய்ச் சேர்ந்த இடம் அகாரிகேல்ஸ். பட்டன் காளானும் நம் ஊரில் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக்காளானும் இருக்கிற அதே பெருங்கூட்டம். அதற்குள்ளும் இதன் நெருங்கிய பங்காளி ஃபிஸ்டுலினா. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பச்சை இறைச்சித் துண்டு மாதிரி தொங்கும். அடியில் செவுளே இல்லை, தனித்தனியாக நிற்கும் குழல்கள்தான். முகத்தைப் பார்த்து இரண்டையும் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போடியில் ஏலக்காய் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஒரு தரம், விழுவது அடுத்த தரம். விலை போட அது சரியான முறைதான். ஆனால் சல்லடையில் நின்ற காய் வண்டன்மேட்டில் விளைந்ததா, சக்குபள்ளத்தில் விளைந்ததா என்று சல்லடை சொல்லுமா? அபில்லோபோரேல்ஸ் ஒரு சல்லடை. அதைப் பட்டா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதுதான் தவறு.

ஆகவே தம்பி, அன்று நான் சொன்னது பொய் இல்லை. பொய் என்பது தெரிந்தே சொல்வது. அன்று நான் சொன்னது தவறு. அதைத் திருத்தியது யார்? எந்த வாட்ஸ்அப் செய்தியும் இல்லை. முந்தையவர்கள் சொன்னதை மறுபடி சோதித்துப் பார்த்த அதே பூஞ்சையியல்தான்.

இன்றைக்குச் சொல்வதும் கல்வெட்டு இல்லை. கிண்ணம் மாதிரி இருக்கும், செவுளே இல்லாத ஒரு பங்காளியை ஆரிகுலாரியாப்சிஸ் என்று தனிப் பேரினமாக வைப்பதா, ஸ்கைசோபில்லத்துக்குள்ளேயே சேர்ப்பதா என்று ஒரு வழக்கு நடந்தது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளை வெள்ளை அழுகல், பழுப்பு அழுகல் என்று இரண்டாகப் பிரித்து நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னினையும் சேர்த்துத் தின்றால் வெள்ளை, அதை விட்டுவிட்டு செல்லுலோஸை மட்டும் தின்றால் பழுப்பு. பிளவிதழை வெள்ளையில் சேர்த்திருந்தோம். 2010இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானபோது, லிக்னினை உடைக்க வெள்ளை அழுகல் பூஞ்சைகள் வைத்திருக்கும் முக்கியமான பெராக்சிடேஸ் நொதிகளுக்கான மரபணுக்கள் இதில் இல்லை என்று தெரிந்தது. இரண்டு பெட்டியிலும் சரியாக உட்காராத ஆள். அந்த இரண்டு பெட்டி போதாது என்று பிறகு ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். காளான் பூக்காமல், பூசணமாகவே வாழும் ஹைபோமைசீட்டுகள் என்ற பெரிய கூட்டத்தை ஒரு காலத்தில் ஸ்போரின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பிரித்து வந்தார்கள். கனடாவின் ஹியூஸ் 1953இல், ஸ்போர் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். அந்த வழியில் 1962இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன். 1971இல் அவர் எழுதிய பெரிய நூல் இந்தியப் பூஞ்சைகளுக்கு இன்றும் ஆதாரம். அதே பல்கலைக்கழகத்தில் கே. நடராஜன் தென்னிந்தியக் குடைக்காளான்களைக் காடு காடாகத் தேடிப் பதிவு செய்தார். முந்தையவர் சொன்னதைத் திருத்துவதை இவர்கள் யாரும் அவமானமாக நினைக்கவில்லை. அதைத்தான் தங்கள் வேலை என்று நினைத்தார்கள்.

இப்போது மாப்பிள்ளை, உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும்.

"மாறவே மாறாது" என்று நீங்கள் பெருமையாகச் சொன்ன விதிகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

மரத்தில் முளைத்தால் விஷமில்லை. கேலரினா என்று ஒரு பேரினம் இருக்கிறது. சின்னப் பழுப்புக் காளான்கள். அதில் கேலரினா மார்ஜினாட்டா குளிர்நாடுகளில் மக்கிய கட்டையில்தான் முளைக்கும், பிளவிதழைப் போலவே மரம் தின்று வாழும். அதற்குள் இருப்பது அமடாக்சின், ஆளைக் கொல்லும் நஞ்சு. இதிலும் ஒரு வகைப்பாட்டுக் கதை உண்டு. தனித்தனிச் சிற்றினம் என்று பல பெயரில் எழுதி வைத்திருந்தவற்றை 2001இல் டி.என்.ஏ.வை வைத்து ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே மார்ஜினாட்டாதான் என்று தெரிந்தது. பெயர் மாறியதால் என்ன லாபம் என்று கேட்டீர்களே, இதுதான். வேறு வேறு ஆள் என்று நினைத்தவை ஒரே கொலைகாரன் என்று தெரிந்தது.

பூண்டு கறுக்கும், வெள்ளிக்காசு கறுக்கும். அமடாக்சின் பூண்டையும் ஒன்றும் செய்யாது, வெள்ளியையும் ஒன்றும் செய்யாது. சில நேரம் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறுவது பூண்டுக்குள்ளேயே நடக்கும் வேதிமாற்றம், காளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பூச்சி அரித்திருந்தால் நல்லது. புழுவுக்கு இருக்கும் உடம்பு வேறு, நமக்கு இருக்கும் உடம்பு வேறு. நஞ்சுக்காளானையும் நத்தையும் புழுவும் தின்னும்.

நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும். போகாது. அமடாக்சின் சூட்டுக்கு அசையாது. வற்றல் போட்டாலும் போகாது.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். அவர்கள் யாரும் விவரமில்லாதவர்கள் இல்லை. அவர்களுக்கும் பாட்டி சொன்ன விதி ஏதாவது இருந்திருக்கும். இத்தனை பேர் செத்த பிறகும் அந்த விதி மாறவில்லை, அடுத்த மழைக்கு அப்படியே வாட்ஸ்அப்பில் வருகிறது. மாறாததுதான் அதன் பெருமை என்கிறீர்கள். ஆள் செத்தும் திருத்திக்கொள்ளாத ஒன்றை நான் எப்படி நம்புவது?

"அப்படியென்றால் நம் பெரியவர்களுக்கு ஒன்றுமே தெரியாதா?" என்று அடுத்த கேள்வி வரும். நானே முந்திக்கொள்கிறேன். அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நீங்கள் சொல்லும் விதி இல்லை.

என் அப்பத்தா மழை விட்டதும் கூடையோடு கரட்டுப் பக்கம் போகும். புற்றுக்காளான் மட்டும்தான் எடுக்கும். கறையான் புற்று எது, எந்த மாதத்தில் எந்த மழைக்குப் பிறகு வரும், மொட்டு எப்படி, விரிந்தால் நடுவில் கூம்பு எப்படி என்று எல்லாம் அத்துப்படி. காம்பைப் பிடுங்காது, குச்சியால் தோண்டி, வேர் மாதிரி புற்றுக்குள் இறங்குகிறதா என்று பார்க்கும். இறங்கவில்லை என்றால் விட்டுவிடும். பக்கத்திலேயே வெள்ளை வெளேர் என்று குடை குடையாக நின்றாலும், "அது நமக்குத் தெரியாதுடா" என்று நடையைக் கட்டும். அந்தப் புற்றுக்காளான்களை டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினமாக 1942இல் வகுத்தவர் பிரான்சு நாட்டு ரோஜே ஹைம். அவர் பார்த்ததும் கறையானோடு இருக்கும் உறவைத்தான். எழுதப்படிக்கத் தெரியாத அப்பத்தாவும் பாரிஸ் பேராசிரியரும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள்.

அப்பத்தாவிடம் இருந்தது வகைப்பாடு. இந்த ஒன்றை இன்னின்ன அடையாளத்தால் அறிவேன், மற்றது எனக்குத் தெரியாது என்பது அதன் அடிப்படை. நீங்கள் பரப்புவது குறுக்குவழி. எதையும் அறியாமலே எல்லாவற்றையும் தின்னலாம் என்பது அதன் அடிப்படை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி "பெரியவங்க சொன்னது" என்று சீட்டு ஒட்டுவது அப்பத்தாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

பிளவிதழ் பற்றியும் இதற்குள் இரண்டு வதந்தி கிளம்பிவிட்டது. "புற்றுநோயைக் குணப்படுத்தும் மரக்காளான்" என்று ஒருவர் படத்தோடு பகிர்ந்திருந்தார். ஜப்பானில் இந்தக் காளானிலிருந்து பிரித்தெடுத்த சைசோஃபைலான் என்ற சர்க்கரைச் சேர்மத்தை, கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு கூடுதல் மருந்தாக, ஊசி வழியாகப் பயன்படுத்தினார்கள். அதற்கும் கட்டையில் முளைத்ததைக் கஷாயம் வைப்பதற்கும் இருக்கும் தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். "அப்ப இது விஷம், கொளுத்திரு" என்று இன்னொருவர். அதுவும் இல்லை. மணிப்பூரில் இதைக் கங்லாயென் என்று சொல்லிச் சந்தையில் விற்கிறார்கள், ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். பொடிந்த கட்டையை மண்ணாக்கும் கூலியில்லாத வேலையாள் அது. இதன் ஸ்போர் அபூர்வமாகச் சிலருக்கு மூக்கறையிலும் நுரையீரலிலும் தொந்தரவு தந்திருப்பது உண்மை, ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் பூத்த விறகைத் தட்டிப் புழுதி கிளப்ப வேண்டாம். அதோடு சரி.

தம்பி மகனுக்குப் பதில்: சாப்பிடாதே. விஷம் என்பதால் சொல்லவில்லை. மணிப்பூர்க்காரருக்கு அதைத் தெரியும், உனக்கு அதன் போட்டோதான் தெரியும். எனக்கும் நீ அனுப்பிய போட்டோதான் தெரியும். போனில் இருக்கும் செயலி பெயர் சொல்கிறது என்றாய். ஒரே கட்டையை நான்கு பக்கம் எடுத்துக் கொடுத்துப் பார், எத்தனை பெயர் சொல்கிறது என்று. மேலிருந்து எடுத்த படத்தில் பிளந்த செவுள் எங்கே தெரியும்? அடிக்காம்பும் ஸ்போர் நிறமும் எங்கே தெரியும்?

இனி, தூக்கம் வராத காரணம்.

1996, ஆனி மாதம். என் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். விடியக் கருக்கலில் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய இறங்கும் குடும்பம். அவன் அம்மா தோட்டத்தில் பட்டுப்போன கட்டையில் இருந்து ஒரு மடி காளான் பறித்து வந்திருக்கிறார். பூண்டு போட்டுப் பார்த்திருக்கிறார், கறுக்கவில்லை. ராத்திரி குழம்பு வைத்து அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டார்கள். பையனுக்குக் காளான் பிடிக்காது. மறுநாள் காலையில் இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. நான் போனது அதற்கும் மறுநாள். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "இப்ப தேவலை சார்" என்றார். நான், "நல்லதும்மா, விஷம் வெளியேறிருச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் தாவரவியல் முதுகலை.

அமடாக்சின் அப்படித்தான் ஏமாற்றும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குப் பிறகு, சில நேரம் ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். அப்புறம் நின்றுவிடும். ஆள் தேறியது போலத் தெரியும். அந்த நேரத்தில் நஞ்சு ஈரலுக்குள் இருக்கும்; செல்கள் புரதம் செய்ய முடியாமல் சாகத் தொடங்கியிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும். அந்த அம்மாவுக்கும் அப்படியே ஆனது. நான் கஞ்சி குடிக்கப் பார்த்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்பா பிழைத்தார், அவர் கொஞ்சமாகச் சாப்பிட்டிருந்தார். என்ன காளான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மிச்சத்தை வாய்க்காலில் கொட்டிவிட்டிருந்தார்கள்.

"தேவலை" என்று அந்த அம்மா சொன்ன நேரத்தில் நான் ஒரு வண்டி பிடித்து மதுரைக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அனுப்பவில்லை என்பது தெரியும். இந்த நோய் இப்படித்தான் நடக்கும் என்று அந்த வருசம் கடைசியில்தான் மதுரையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1996க்கு முன்னால் என்னிடம் படித்தவர்கள் நோட்டை எடுத்துப் பாருங்கள். "நச்சுக் காளான்கள் பளிச்சென்ற நிறம் கொண்டவை, உண்ணத் தகுந்தவை மங்கிய நிறம் கொண்டவை" என்று நானே எழுதிப்போட்டிருப்பேன். நானும் யாரோ சொன்னதைச் சோதிக்காமல் சொன்னவன். உலகத்தில் அதிகம் பேரைக் கொன்ற அமனிட்டா ஃபாலாய்டிஸ் மங்கிய பச்சையும் வெள்ளையுமாகச் சாதுவாக இருக்கும். அமனிட்டா, கேலரினா, லெபியோட்டா என்ற மூன்று பேரினங்களில் உள்ள சில சிற்றினங்களில் அமடாக்சின் உண்டு. மூன்றும் பார்வைக்கு மூன்று விதம். நிறமும் அளவும் முளைத்த இடமும் தனியாக எதையும் சொல்லாது. இன்னது என்று பெயர் தெரிந்தால்தான் எச்சரிக்கை வரும். வகைப்பாடு எதற்கு சார், மனப்பாடத்துக்கா என்று கேட்பீர்களே, இதற்குத்தான்.

ஆகவே, ரெக்கார்டு நோட்டு போட்ட தம்பி, பொய்யா என்று நீங்கள் கேட்ட வரி யாரையும் கொல்லாத தவறு. ஒரு சிறு காளானை வேறு துறையில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். கேட்க வேண்டிய வரி அதற்குப் பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். இரண்டையும் இன்றைக்கே அடித்துத் திருத்துங்கள். அபில்லோபோரேல்ஸை அடித்து அகாரிகேல்ஸ். பளிச்சென்ற நிறம் என்ற வரியை அடித்து, "பொது விதி எதுவும் கிடையாது, தெரியாததைத் தின்னாதே." பக்கத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை, உங்கள் பின்னூட்டத்தை நீக்கிவிடுங்கள். எனக்காக வேண்டாம். கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் நாளை காலையும் ஜீப் ஏறும். மலையில் மழை பெய்துகொண்டிருக்கிறது. கட்டையெல்லாம் பூத்திருக்கும். அதில் போகும் ஒரு பெண்ணின் மகன் போனில் உங்கள் வரி இருக்கும். 43 விருப்பக்குறி, அதுவும் மூன்று ஆசிரியர்கள் போட்டது, அந்தப் பெண்ணுக்கு அத்தாட்சி மாதிரி தெரியும்.

எல்லோரும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். யாராவது தெரியாத காளானைச் சாப்பிட்டுவிட்டு, மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தால், வாந்தி நின்றுவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். உடனே க.விலக்கு அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று எழுதி எடுத்துப்போங்கள். மிச்சக் காளானை, சமைத்ததானாலும், கொட்டாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுபோங்கள்.

நான் இன்று சொன்னதிலும் ஏதாவது நாளைக்குத் தவறு என்று தெரியலாம். தெரிந்தால் வந்து மாற்றிச் சொல்கிறேன். நீங்கள் கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தாவரவியல் வாத்தியார்